வீராயி பெயரில் சேர்ந்த மைல்கள்

2024 பிப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை காலை 10.42 மணிக்கு, டெல்லி துவாரகாவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடி வீட்டிலிருந்து, அரசு மருத்துவமனை ஒன்றின் எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி போனது. அதில் '2' என்ற ஒற்றை எண் மட்டும் இருந்தது.

நான் எதையும் வீணாக்காதவன். என்னைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். கல்யாணப் பத்திரிகை உறைகளைப் பிரித்து உள்பக்கத்தில் மளிகைப் பட்டியல் எழுதுவேன். குளியலறையில் தண்ணீர் சூடாகும்வரை வருகிற பச்சைத் தண்ணீரை வாளியில் பிடித்துத் துளசிக்கு ஊற்றுவேன்.

தமிழிலேயே எழுதலாம், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறார் என்று நீங்கள் சொன்னதற்கு நன்றி. முப்பத்தொரு வருடம் மத்திய அரசில் ஆங்கிலத்தில் எழுதியவன் நான். பெரும்பகுதி பொதுமக்கள் குறைகேட்புப் பிரிவில் போயிற்று. ஆனாலும் இதில் வருகிறவர்கள் எல்லோரும் தமிழில்தான் பேசினோம். அப்படியே எழுதுவது எளிது.

மைல்களைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். விமான நிறுவனங்கள் அடிக்கடி பறப்பவர்களுக்கு மைல் என்ற பெயரில் புள்ளிகள் தருவது உங்களுக்குத் தெரியும். பறக்காமலும் அவற்றைச் சேர்க்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. நிறுவனத்தின் ஷாப்பிங் தளத்துக்குள் நுழைந்து, அங்கிருந்து கடைகளுக்குப் போய் சோப்போ அரிசியோ வாங்கினால் நூறு ரூபாய்க்கு இத்தனை மைல் என்று சேரும். டிரையல் சந்தாக்கள் அதைவிட நல்லவை. தியானம் சொல்லித்தரும் செயலி, பிரெஞ்சு சொல்லித்தரும் செயலி, உடம்பு இளைக்க வைக்கும் செயலி. முப்பது நாள் இலவசம். வாரத்துக்கு ஒருமுறை ஓடிபி போட்டுத் திறந்து பார்க்க வேண்டும். முப்பதாம் நாள் இன்னொரு ஓடிபி போட்டு ரத்து செய்துவிடலாம். ஒவ்வொன்றுக்கும் ஆயிரத்து ஐந்நூறு மைல் வரும். ஒரு கைப்பேசி எண்ணுக்கு ஒரு செயலி ஒருமுறைதான்.

ஓய்வுபெற்ற 2019-இல் இதைத் தொடங்கினேன். மகள் ஜ்யோத்ஸ்னா டொரண்டோவில் இருக்கிறாள். ஒருநாள் நானும் என் மனைவி ராஜலக்ஷ்மியும் ஒரு பைசா டிக்கெட் செலவில்லாமல் அங்கே போய் இறங்க வேண்டும் என்பது எண்ணம். டிக்கெட் வாங்கப் பணம் இல்லையா என்று நேற்று கேட்டீர்கள். இருந்தது. இரண்டு பேருக்கு மூன்று தடவை போய்வர இருந்தது. பணம் கொடுத்து யார் வேண்டுமானாலும் போகலாம்.

என் எண், ராஜலக்ஷ்மியின் எண் இரண்டும் ஒரு வருடத்தில் தீர்ந்துபோயின. அதன்பிறகுதான் வீராயியின் எண்.

வீராயி எங்கள் வீட்டில் பத்தொன்பது வருடம் வேலை செய்தாள். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் தொடங்கினாள். நாங்கள் துவாரகாவில் ஃபிளாட் வாங்கி வந்தபோது அவளும் பக்கத்திலேயே பாலம் என்கிற பகுதியில் ஓர் அறை பார்த்துக்கொண்டு மகளோடு வந்துவிட்டாள். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரி. எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாது. எண்கள் மட்டும் தெரியும்.

காலை பத்து மணிக்கு வந்தவுடன் தன் கைப்பேசியை என் மேஜையில், காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் வைப்பாள். வந்திருக்கிற குறுஞ்செய்திகளை நான் படித்துச் சொல்ல வேண்டும். கேஸ் மானியம், ரேஷன், ஆதார். குவார்ட்டர்ஸ் நாளிலிருந்தே இருந்த பழக்கம் அது. மகள் பிரபாவுக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் அவள் ஏழு மணிக்குக் கல்லூரிக்குப் போனால், அங்கிருந்து ஒரு கடையில் பகுதிநேர வேலைக்குப் போய்விட்டு இரவுதான் திரும்புவாள். பன்னிரண்டு மணிக்கு வீராயி வேலை முடிந்து கிளம்பும்வரை கைப்பேசி என் மேஜையில் கிடக்கும். இரண்டு மணி நேரம் சும்மா கிடக்கிற ஓர் எண்.

"உன் நம்பர் ஒரு விஷயத்துக்கு வேணும், வீராயி" என்று கேட்டேன்.

"எடுத்துக்குங்க சார். போட்டாத் தேஞ்சா போயிடும்?" என்றாள்.

விமான நிறுவனத்தில் குடும்பக் கணக்கு என்று ஒன்று உண்டு. குடும்பத்தார் ஒவ்வொருவரின் மைல்களும் தனித்தனியாக அவரவர் பெயரில் சேரும். குடும்பத் தலைவர் எடுத்துச் செலவழிக்கலாம். வீராயியை அதில் சேர்த்தபோது, உறவு என்ற இடத்தில் மனைவி, மகன், மகள், சகோதரி என்று பட்டியல் வந்தது. வீட்டு வேலை செய்பவர் என்று அதில் இல்லை. சகோதரி என்று தேர்ந்தெடுத்தேன். ராஜலக்ஷ்மி என் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏன்னா, வீராயி உங்களுக்குத் தங்கையா? அப்போ ராக்கிக்குக் கையை நீட்டி, தட்டுல நூறு ரூபா வைங்கோ."

சமையலறையிலிருந்து வீராயி குரல் கொடுத்தாள். "நூறு ரூபாய்க்கெல்லாம் எந்தத் தங்கச்சியும் வரமாட்டாம்மா."

அந்த நாட்களில் எங்கள் வீடு அப்படி இருந்தது. இதைச் சொல்லக் காரணம் உண்டு. பிறகு எங்களைப் பற்றி வேறு மாதிரி பேசினார்கள்.

2022 செப்டம்பரில் வீராயிக்கு இருதய வால்வு சுருங்கியிருப்பதாகச் சொன்னார்கள். அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். அரசு மருத்துவமனையில் ஒன்றரை வருடக் காத்திருப்பு. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, இரண்டு முறை கூடவே போய் வரிசையில் நின்று பதிவு செய்து கொடுத்தவன் நான். என் குறிப்பேட்டில் அந்தத் தேதிகளும் இருக்கின்றன, பார்த்துக்கொள்ளுங்கள். அன்று முதல் கைப்பேசியை வைக்கும்போது அவள் கேட்கிற கேள்வி மாறியது.

"ஆஸ்பத்திரிக்காரன் எதுனா அனுப்பியிருக்கானா சார்?"

"இன்னும் இல்லை."

"அவனுக்கு என்ன ஜல்தி? மூச்சு எனக்குத்தானே வாங்குது."

டிரையல் சந்தாக்களால் ஒரு சிறு சிக்கல் இருந்தது. அவளுடைய கைப்பேசியில் நாளுக்கு முப்பது நாற்பது செய்திகள் வரும். பிரபா பார்த்தால் கேள்வி வரும் என்பதால், பன்னிரண்டு மணிக்குள் எல்லாவற்றையும் அழித்துவிடுவேன். அழிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் படிப்பேன். ஒன்றையும் படிக்காமல் அழித்ததில்லை. தவறுதலாக நடந்திருக்குமோ என்று என் வழக்கறிஞர் கேட்டார். இல்லை.

2024 ஜனவரியில் நிலைமை இதுதான். ஜ்யோத்ஸ்னாவுக்கு மார்ச் இருபது வாக்கில் பிரசவம். மார்ச் 9 விமானத்தில் மைல்களுக்குக் கொடுக்கிற இருக்கைகள் இரண்டு திறந்திருந்தன. தேவை ஒரு லட்சத்து எண்பதாயிரம். கையிலிருந்தது ஒரு லட்சத்து எழுபத்து மூவாயிரத்து நானூறு. ஜனவரி 28 அன்று வீராயியின் எண்ணில் ஐந்து புதிய சந்தாக்களைத் தொடங்கினேன். பிப்ரவரி 27 அன்று ஏழாயிரத்து ஐந்நூறு மைல் வந்துவிடும். ஐந்து வருட உழைப்பு கரை சேர்ந்துகொண்டிருந்தது.

பிப்ரவரி 13 அன்று காலை வந்த செய்தி ஆங்கிலத்தில் இருந்தது. அறுவை சிகிச்சைக்குப் படுக்கை ஒதுக்கப்பட்டுள்ளது, 19-ஆம் தேதி காலை எட்டு மணிக்குச் சேர வேண்டும், வருவதானால் 1, வேறு தேதி வேண்டுமானால் 2, நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பதில் அனுப்பவும்.

இரண்டு தடவை படித்தேன். வீராயி அடுத்த அறையில் பெருக்கிக்கொண்டிருந்தாள். துடைப்பச் சத்தம் நாலு வீச்சுக்கு ஒருமுறை நிற்கும், பிறகு தொடங்கும். நிற்கிறபோது அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

19-ஆம் தேதி அவள் சேர்ந்தால் குறைந்தது இரண்டு வாரம் அங்கே இருப்பாள். கைப்பேசி பிரபாவிடம் இருக்கும். மூன்றாம் வாரத்து ஓடிபி, நான்காம் வாரத்து ஓடிபி, ரத்து செய்கிற ஓடிபி எதுவும் எனக்குக் கிடைக்காது. பிரபாவிடம் கேட்கலாம். என்னென்ன செயலிகள், எதற்காக, எத்தனை நாளாக என்று அவள் கேட்பாள். மார்ச் 9 இருக்கைகள் போய்விடும். இன்னொரு பக்கம், வீராயி பதினேழு மாதம் காத்திருந்தவள். இன்னும் இரண்டு வாரம் என்பது அதில் பெரிய பங்கு ஒன்றும் இல்லை.

இவ்வளவையும் யோசிக்க மூன்று நிமிடம் ஆயிற்று. 2 என்று அனுப்பினேன். உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது என்று உடனே பதில் வந்தது. இரண்டு செய்திகளையும் அழித்தேன். பிறகு, எல்லாவற்றையும் எழுதி வைக்கிற வழக்கப்படி, என் குறிப்பேட்டில் 'வீ. — ஆஸ்ப. — 10.42 — 2' என்று எழுதினேன்.

பன்னிரண்டு மணிக்கு வீராயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கைப்பேசியை எடுத்தாள்.

"எதுனா?"

"இன்னும் வரலை, வீராயி."

"வரும் சார். நீங்க ஏன் மூஞ்சிய அப்படி வெச்சுக்கிறீங்க?" என்றாள். என்னைத் தேற்றிவிட்டுப் போனாள்.

27-ஆம் தேதி மைல்கள் வந்தன. மறுநாள் டிக்கெட் பதிவு செய்தேன். ராஜலக்ஷ்மி தன் தங்கைகளுக்கெல்லாம் போன் போட்டு, "அவர் அஞ்சு வருஷமா சேர்த்தது, ஒரு பைசா கொடுக்கலை" என்று சொன்னாள். அவள் அப்படிப் பெருமையாகப் பேசி நான் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

கிளம்புவதற்கு முன்தினம் சாவியை வீராயியிடம் கொடுத்தோம். துளசிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், பார்சல் வந்தால் வாங்கி வைக்க வேண்டும்.

"போய்ட்டு வாங்க சார். கொழந்த போட்டோ அனுப்புங்க" என்றாள். பிறகு, "ஆஸ்பத்திரி மெசேஜ் வந்துச்சுன்னா யார் படிக்கிறது?" என்று கேட்டாள்.

"இப்போதைக்கு வராது" என்றேன். அது உண்மை.

டொரண்டோவில் பேரன் பிறந்தான். அங்கிருந்தும் வாரம் ஒருமுறை வீராயியைக் கூப்பிடுவேன். கைப்பேசியில் வந்திருக்கிற ஆறு எண்களை ஒவ்வொன்றாகப் படிப்பாள். "நாலு, ஒம்போது, சைபர்..." என்று படித்து, இடையில் மூச்சு வாங்கிக்கொண்டு, மீதியைப் படிப்பாள். நேரம் முடிந்து ஓடிபி காலாவதியாகிவிட்டால் மறுபடி அனுப்பச் சொல்லி மறுபடி படிப்பாள். அவள் அவசரப்பட்டதில்லை.

மே மூன்றாம் வாரம் ஷாப்பிங் தளத்தில் ஒரு சலுகை. வீட்டுச் சாமான்களுக்கு ஐந்து மடங்கு மைல். பொருள் டெலிவரி ஆகியிருக்க வேண்டும், திருப்பி அனுப்பக்கூடாது. தரை துடைக்கும் திரவம் பன்னிரண்டு புட்டி வாங்கினேன். கெட்டுப்போகிற பொருள் இல்லை. 21-ஆம் தேதி மதியம் வரும் என்று வீராயியிடம் சொன்னேன். எங்கள் குடியிருப்பில் வேலைக்காரர்களுக்கும் பார்சல்களுக்கும் பின்பக்க லிஃப்ட். அது ஏப்ரலிலிருந்து பழுது. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. டெலிவரி பையன் பெட்டியைக் கீழேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். முன்பக்க லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. அதில் வேலைக்காரர்களை ஏற்றினால் காவலாளிக்கு அபராதம் போடுவார்கள்.

வீராயியை இரண்டாவது மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில், பெட்டியோடு கண்டெடுத்தார்கள். பெட்டி உடையவில்லை. காவலாளி அதை எங்கள் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தார். தளத்தில் டெலிவரி ஆனது என்று காட்டியது.

பிரபா ராஜலக்ஷ்மிக்குப் போன் செய்தபோது அங்கே விடியற்காலை. "அம்மா போய்ட்டாங்கம்மா" என்று சொன்னாளாம். ராஜலக்ஷ்மி நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நானும் வருத்தப்பட்டேன். வீராயிக்கு அவ்வளவு முடியாமல் இருந்தது என்று என்னிடம் அவள் வெளிப்படையாக ஒருநாளும் சொல்லவில்லை. பத்தொன்பது வருடப் பழக்கத்தில் அதை நான் எதிர்பார்த்திருந்தேன்.

ஜூன் கடைசியில் திரும்பினோம். பிரபா அஸ்தியை எடுத்துக்கொண்டு ரயிலில், முன்பதிவில்லாத பெட்டியில் ஊருக்குப் போய்வந்திருந்தாள். வீராயி பெயரில் அப்போது பதினோராயிரத்து முந்நூற்று நாற்பது மைல் இருந்தது. டெல்லியிலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட் போடப் போதும். பிரபா கேட்கவில்லை. கேட்டிருந்தால் யோசித்திருப்பேன்.

இறந்தவரின் மைல்கள் ஆறு மாதத்தில் காலாவதியாகும். அதற்குள் இறப்புச் சான்றிதழைக் காட்டினால் குடும்பத் தலைவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். ஜூலையில் பிரபாவிடம் சான்றிதழின் நகல் கேட்டேன். எதற்கு என்றாள். நம் தமிழ் அமைப்பில் உதவி நிதி இருக்கிறது, உன் பெயருக்கு விண்ணப்பிக்கிறேன் என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றாள். உண்மையாகவே விண்ணப்பிக்கும் எண்ணம் எனக்கு இருந்தது. படிவம் கிடைக்கவில்லை.

நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை காலை பிரபா வந்தாள். வழக்கமாகச் சமையலறைப் பக்கம் போகிறவள், நேராக என் மேஜைக்கு வந்தாள். தன் அம்மாவின் கைப்பேசியை எடுத்துக் காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஒரு மெசேஜ் வந்திருக்கு சார். படிச்சுச் சொல்லுங்க."

"உனக்குத்தான் படிக்கத் தெரியுமே, பிரபா."

"நீங்க படிங்க சார். அம்மாவுக்குப் படிப்பீங்கள்ல."

படித்தேன். ராஜலக்ஷ்மி கடுகு டப்பாவோடு வாசற்படியில் நின்றிருந்தாள். தாங்கள் 13.02.2024 காலை 10.42 மணிக்குக் கேட்டுக்கொண்டபடி, மாற்றியமைக்கப்பட்ட அறுவை சிகிச்சைத் தேதி 2024 டிசம்பர் 2. வருவதானால் 1, வேறு தேதி வேண்டுமானால் 2.

"பத்து நாப்பத்திரண்டு" என்றாள் பிரபா. "அந்த நேரத்துல போன் எங்க இருக்கும் சார்?"

"உங்க அம்மாவுக்கு எண்கள் தெரியும். அவளே அழுத்தியிருக்கலாம். பயந்திருக்கலாம்."

"படிக்கத் தெரியாதவங்க எதுக்குப் பதிலா ரெண்டு அழுத்துவாங்க?"

பிரபாவின் குரல் உயரவில்லை. இதை அவளுக்கு ஆதரவாகவே குறிப்பிடுகிறேன். ராஜலக்ஷ்மி கடுகு டப்பாவை மேஜைமேல் வைத்தாள். என் அறைக்குள் போனாள். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. நீல அட்டை போட்ட குறிப்பேட்டோடு வந்தாள். அதை அவள் ஐந்து வருடத்தில் தொட்டதில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் பிரபாவின் கையில் கொடுத்தாள்.

"இவர் எதையும் எழுதி வெக்காம இருக்கமாட்டார். பிப்ரவரியைப் பாரு."

"ராஜி, அது என்னோட நோட்டு" என்றேன்.

"ஆமா. உங்க கையெழுத்துதான்" என்றாள்.

பிரபா பக்கங்களைத் திருப்பினாள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், நேரமாயிற்று. பிப்ரவரிப் பக்கத்தில் நின்றாள். அந்தப் பக்கத்தின் மேல் வரியை விரலால் தொட்டுப் படித்தாள். "வீராயி, சகோ... சகோதரி." நிமிர்ந்தாள். "யாருக்கு சார்?"

ராஜலக்ஷ்மி அவளோடு ஆட்டோவில் ஏறிக் காவல் நிலையத்துக்கு வந்தாள். மீதி உங்களுக்குத் தெரியும்.

என்ன உணர்கிறீர்கள் என்று நேற்று கேட்டீர்கள். ஏமாற்றப்பட்டதாக உணர்கிறேன். முப்பத்து நாலு வருடம் என்னோடு வாழ்ந்தவள் ராஜலக்ஷ்மி. மைல்களில் பாதி அவளுக்கு. மார்ச் 9 அன்று ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வந்தவள் அவள். என்னிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மூன்றாம் மனுஷி முன்னால், என் கையெழுத்தையே எனக்கு எதிராக எடுத்துக் கொடுத்தாள். வீராயியாக இருந்தால் அப்படிச் செய்திருக்கமாட்டாள்.

இன்னும் ஒன்றை நீங்கள் மூன்று முறை கேட்டுவிட்டீர்கள், எழுதிவிடுகிறேன். இரண்டு வாரம்தான் தள்ளிப்போகும் என்று நான் நினைத்ததாக மேலே எழுதியிருக்கிறேன். குறைகேட்புப் பிரிவில் இருந்த வருடங்களில் என் வேலை கோப்புகளைத் தள்ளிவைப்பது. மனுதாரரே தேதி மாற்றக் கேட்டால் அந்தக் கோப்பு கட்டின் அடிக்குப் போகும். வரிசை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அந்த விதிக்கான சுற்றறிக்கைகளில் சிலவற்றை வரைந்தவனே நான். 2 அழுத்தும்போது அது எனக்குத் தெரியும். அனுப்பியது நான்தான், தெரிந்தே அனுப்பினேன்.

வீராயியின் பெயரில் இருந்த பதினோராயிரத்து முந்நூற்று நாற்பது மைல்கள் செப்டம்பர் 30 அன்று என் பெயருக்கு மாற்றப்பட்டன. 2027 செப்டம்பர் வரை செல்லும். டிசம்பர் 6-ஆம் தேதி ராஜலக்ஷ்மி டொரண்டோ போனாள். டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கினாள். உறுப்பினர் எண்ணைக் குறிப்பிடவில்லை. அந்தப் பயணத்துக்கு மைல் எதுவும் சேரவில்லை.